ஆறு மாத்திரையும் மூன்று வேளையும்

மெஹருன்னிசாவிடம் நரம்பியல் படிக்க வந்த நாலு பேரில் அருமைநாயகம்தான் மூத்தவர். எங்கள் மூன்று பேரை விட மட்டுமல்ல, ஆசிரியரை விடவும் ஏழு வயது மூத்தவர். பல வருடம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடியும் பிரசவமும் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். அதனால் ஆசிரியர் அவரை 'சார்' என்பார். அவர் ஆசிரியரை 'மேடம்' என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள்.

தெற்கே ஒரு ஊரின் பெரிய அரசு மருத்துவமனை. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெண்கள் எலும்பு முறிவு வார்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டாம் கட்டில். அன்னப்பழம், வயது அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, சனிக்கிழமை ஆபரேஷன் ஆனவர். ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய், ஊரில் நடுக்குவாதம் என்பார்கள்.

கட்டை மாதிரி கிடந்தார். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது. உடம்பு சுட்டது.

சனிக்கிழமை மதியம் டூட்டியில் அவரை முதலில் பார்த்தவர் அருமைநாயகம். அதனால் அவரே சொன்னார்.

"நோய் முத்திடுச்சு மேடம். பேச்சு இல்லை. விழுங்க முடியலை. உக்கார வச்சா சாயுறாங்க. பிசியோதெரபிக்கு ஒத்துழைக்கலை. எலும்பு டாக்டர் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு சொல்றார். எனக்கும் அதான் சரின்னு படுது."

மெஹருன்னிசா கட்டில் பக்கம் குனிந்தார். அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கினார். கை ஒரேயடியாக மடங்காமல், விட்டு விட்டு, பல்சக்கரம் மாதிரி மடங்கியது.

"கூட யார் இருக்கா?"

வார்டு வாசல் கிரில்லுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். பெண்கள் வார்டு என்பதால் ஆண்களுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை, நாலிலிருந்து ஆறு வரைதான் அனுமதி. மற்ற நேரமெல்லாம் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். அன்னப்பழத்தின் கணவர் தவசிக்கனி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடம் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்ல எப்படி இருந்தாங்க?"

"விழுந்த அன்னைக்குக் காலைல சட்னிக்குத் தேங்கா துருவித் தந்தா டாக்டரம்மா. தானா நடந்துதான் குளிக்கப் போனா."

"மாத்திரை?"

"ஆறு, ஒம்பது, பன்னெண்டு, மூணு, ஆறு, ஒம்பது. வேளைக்கு ஒண்ணு. பத்து நிமிஷம் தள்ளிப் போனாலே கால் தரையில ஒட்டிக்கிடும். இந்த ஒம்பது வருசத்துல ஒரு வேளை தவறுனது கெடையாது. பஸ்ஸை எல்லாம் டயத்துக்கு எடுக்க வச்சவன், மாத்திரைய விடுவேனா?"

"இங்க?"

அவர் நர்ஸைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"மாத்திரைய வாங்கி அலமாரில வச்சிட்டாவ. நோயாளி கையில மருந்து இருக்கக் கூடாதாம். ஞாயித்துக்கிழமை ஒண்ண ஒளிச்சுக் குடுக்கப் போயி ஏச்சு வாங்குனேன். இங்கயும் அதே ஆறு மாத்திரதான் குடுக்கோம்னு சொன்னாவ. டாக்டருமாருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு சும்மா இருந்துட்டேன்."

மேடம் மருந்துச் சீட்டை எடுத்தார். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. வேளைக்கு இரண்டு மாத்திரை. அந்த வார்டில் மருந்து வண்டி வருகிற நேரம் அதுதான். யாராக இருந்தாலும், என்ன நோயாக இருந்தாலும், அந்த மூன்று நேரம்தான்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் மேடம்," என்றார் அருமைநாயகம். மறைக்கிற மனிதர் இல்லை. "சிஸ்டர் ஒருத்தரே அறுபது கட்டில் பாக்குறாங்க. ஆறு வேளை முடியாதுன்னாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். அதான் ரெண்டு ரெண்டா மூணு வேளையா மாத்தினேன். ஒரு மாத்திரைகூடக் குறைக்கலை. ஆறுக்கு ஆறு சரியாத்தானே மேடம் இருக்கு?"

உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இந்த நோயில் மூளைக்குள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன. உடம்பை அசைக்க அது வேண்டும். வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுத்தால், இத்தனை வருட நோயில், மூன்று மணி நேரம் தாங்கும். பிறகு வற்றிவிடும். இரண்டாகச் சேர்த்துக் கொடுத்தால் ஆறு மணி நேரம் தாங்காது. வாந்திதான் வரும். அன்னப்பழத்துக்கும் வந்தது. வாந்திக்கு ஊசி போட்டார்கள். அந்த ஊசி, மாத்திரை மூளையில் செய்கிற வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும். பார்க்கின்சன் நோயாளிக்கு அதைப் போடவே கூடாது. நாங்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம் அது.

மேடம் சீட்டில் அந்த ஊசியைக் கோடு போட்டு அடித்தார். நர்ஸிடம் சாவி வாங்கித் தானே அலமாரியைத் திறந்தார். மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, மூக்கில் ஏற்கெனவே போட்டிருந்த குழாய் வழியாக உள்ளே விட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எச்சிலைத் துடைத்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு எழுந்து வந்து, அருமைநாயகத்தின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம்?"

"வார்டு நேரம் எட்டு, ரெண்டு, எட்டு. எட்டு மணி வேளை முடிஞ்சுது சார். அடுத்த கண்ணாடி ரெண்டு மணிக்கு."

அருமைநாயகம் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்தார். அவருக்கு மைனஸ் ஒன்பது பவர். மேடம் கேஸ் ஷீட்டை நீட்டினார்.

"வாசிங்க."

அவர் காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோனார்.

"அப்படி இல்லை. மத்தவங்க எப்படிப் பிடிப்பாங்களோ அப்படிப் பிடிங்க."

கையை நீட்டிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"தெரியலை மேடம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க. ஒத்துழைக்கவில்லை."

நான் எழுதினேன்.

"சார், அந்தக் கோடியில இருபதாம் கட்டில் வரைக்கும் போயிட்டு வாங்க."

கட்டில் கம்பிகளைத் தடவிக்கொண்டே போனார். பாதி வழியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை உதைத்துவிட்டார். தண்ணீர் கொட்டியது. துடைப்பத்தோடு வந்த ஊழியர் பக்கத்தில் இருந்தவளிடம், "டாக்டருக்கு என்னா, காலைலயேவா?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"எழுதிக்குங்க," என்றார் மேடம். "நடையில தள்ளாட்டம். நோய் முத்திடுச்சு."

அருமைநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேடம், இது நல்லா இல்லை. நான் உங்களைவிட வயசுல மூத்தவன்."

"தெரியும் சார். அதனாலதான் உங்களுக்கு ஒரு சலுகை. ரெண்டு மணிக்கு உங்க கண்ணாடியோட என் கண்ணாடியையும் சேத்துத் தர்றேன். ரெண்டையும் ஒண்ணா மாட்டிக்குங்க. காலைலருந்து பாக்காம விட்டதையும் சேத்துப் பாத்துடலாம். கணக்கு சரியாயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தடவித் தடவி ஒரு ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் அது.

பன்னிரண்டு மணி மாத்திரையும் குழாய் வழியாகப் போயிற்று. ஒரு மணி வாக்கில் அன்னப்பழத்தின் வலது கை விரல்கள் போர்வையைப் பிடித்தன. பிறகு இமைத்தார். பிறகு உதடு அசைந்தது. தவசிக்கனி குனிந்தார். மேடமும் குனிந்தார். காற்று மாதிரிதான் குரல் வந்தது.

"கத்திக்கிட்டேதான் கெடந்தேன்."

"என்னம்மா?"

"மூணு நாளா. உள்ளருந்து கத்திக்கிட்டேதான் கெடந்தேன். எவளுக்கும் கேக்கல." மூச்சு வாங்கினார். "ஒரு டாக்டரு வந்து, ஒத்துழைங்கம்மா, ஒத்துழைங்கம்மான்னாரு. நா வேற என்னத்த செஞ்சுக்கிட்டிருந்தேன்? ஒரு வெரல அசைக்கணும்னு மூணு நாளா அந்த ஒரே வேலையத்தான பாத்தேன்."

பக்கத்து ஸ்டூலில் இருந்தவருக்கு அன்னப்பழத்தின் முகம் தெரிந்திருக்காது. குரல் கேட்டது.

இரண்டு மணிக்கு மருந்து வண்டி வந்தது. நர்ஸ் பாக்கியசீலி மாத்திரைக் கிண்ணங்களுக்கு நடுவே இருந்த எஃகுத் தட்டை அருமைநாயகத்திடம் நீட்டினார். தட்டில் இரண்டு கண்ணாடிகள். அவர் தன்னுடையதை மட்டும் எடுத்தார். உடனே மாட்டிக்கொள்ளவில்லை. முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேராக எலும்பு முறிவுப் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஒரு கட்டிலுக்காக வார்டு நேரத்தை மாத்த முடியாது," என்றார் தலைவர்.

"அப்ப மாத்திரையை அவங்க வீட்டுக்காரர் கையில குடுங்க சார். அவர் குடுத்துக்குவார்."

"விதியில இடமில்லை. அதோட பெண்கள் வார்டு. கண்ட நேரத்துல ஆம்பளைங்களை விட முடியுமா? அந்தம்மா எந்திரிச்சு நிக்கப் போறதில்லை டாக்டர். எனக்குக் கட்டில் வேணும். வெளியே வராந்தாவுல நாலு பேர் பாயில கிடக்குறாங்க."

அதுவும் உண்மைதான். வராந்தாவில் நாலு பேர் பாயில் கிடந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு அநியாயத்தைத் தட்டிக் கேட்கப் போனால், அதற்குப் பின்னால் இன்னொரு அநியாயம் வரிசையில் நிற்கும்.

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. மாத்திரையை நாங்கள் நாலு பேரும் முறை வைத்துக் கொடுப்பது. வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் வருவார். வாக்கரைப் பிடித்து அன்னப்பழம் எழுந்து நின்றால், கட்டில் இன்னும் பத்து நாளைக்கு அவருடையது, பயிற்சி தொடரும். நிற்காவிட்டால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு.

அருமைநாயகம் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் ஆறு நேரங்களையும் எழுதி, எதிரே எங்கள் பெயர்களையும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் கட்டினார். மூன்று மணியை அவரே எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் பார்வையாளர் நேரத்தில் தவசிக்கனி மனைவிக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். குழாயை எடுத்தாகிவிட்டது. முட்டையை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் முட்டை கொடுத்தால் மாத்திரை சரியாகப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வார்டில் பன்னிரண்டு மணிக்கு முட்டை கொடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இந்த நோயை முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கண்டுபிடிச்சாங்க," என்றார். "தோள் வலின்னு போனோம். ரெண்டு வருசம் தோளுக்கு ஊசி போட்டாவ. கையெழுத்து வரவரச் சின்னதாப் போயி, பேங்குல இது ஒங்க கையெழுத்தே இல்லன்னுட்டான். அடுப்புல சோறு தீஞ்சி வீடெல்லாம் பொக, இவ பக்கத்துலயே நிக்கா, மணம் தெரியல. பக்கத்து வீட்ல, ஒம் பொண்டாட்டி மொகத்துல சிரிப்பே இல்லியே, ஒன்மேல என்னமும் கோவமான்னு கேட்டாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். ஆறு மாசம் நானும் இவகூடப் பேசல."

அன்னப்பழம் கஞ்சியை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கை நடுங்கலேல்லா. நடுங்கியிருந்தா நம்பியிருப்பாவ."

தவசிக்கனி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாளைக்கு எந்திரிச்சு நின்னுட்டான்னா போதும் சார். மிச்சத்த நா பாத்துக்கிடுவேன். நிக்க வரலன்னா, நா ஒருத்தன் எப்படித் தூக்குவேன்?"

வியாழக்கிழமை இரண்டேகால் மணிக்கு எங்கள் துறைக் கருத்தரங்கு. வார்டுக்கு மேல் மாடியில் ஹால். அன்றைய தலைப்பு பார்க்கின்சன் சிகிச்சையின் எதிர்காலம். பேசுகிறவர் அருமைநாயகம். ஒரு மாதத்துக்கு முன்பே குறித்தது. செவ்வாய்க்கிழமை பட்ட அடியை மனதில் வைத்து, இரண்டு நாளாகச் சாப்பாடு மறந்து தயார் செய்திருந்தார்.

நன்றாகவே பேசினார். இன்றைக்கு இருக்கிற மருந்துகளெல்லாம் அறிகுறிகளைத் தணிக்கும், நோயை நிறுத்தாது என்று ஆரம்பித்தார். மூளைக்குள் மின்கம்பி வைத்துத் தூண்டுவதைச் சொன்னார். உயிரணுக்களுக்குள் கட்டி கட்டியாகச் சேர்கிற ஒரு புரதத்தைச் சொன்னார். அதைக் கரைக்கிற மருந்துகள் சில சோதனைகளில் ஏமாற்றியதையும், இன்னும் சில நடந்துகொண்டிருப்பதையும் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களை மூளையில் நட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்லி அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கருவிழிக்குள், மூக்குக்குள், தோலுக்குள் எங்காவது இந்த நோயைப் பத்து வருடம் முன்னாலேயே காட்டிக்கொடுக்கும் அடையாளம் கிடைக்குமா என்று தேடுகிறார்களாம். கேட்கக் கேட்க, இந்த நோய் இதோ ஒழியப் போகிறது என்றே தோன்றியது.

மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அருமைநாயகத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. இந்த நோயை நிறுத்துற மருந்து நம்ம ஆயுசுக்குள்ள வந்துருமா?"

மேடம் பேனாவை மூடினார்.

"தெரியாது சார். மணி என்ன?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு ஐம்பத்தேழு."

"மூணு மணிக்கு யார் முறை?"

எனக்குச் சுரீர் என்றது. அந்த அட்டையை அன்று காலையில்கூடப் பார்த்தேன். காலை ஒன்பது மணி மாத்திரையைக் கொடுத்தவனே நான்தான். கீழே ஒரு மாடி இறங்கினால் அன்னப்பழம். மூன்றரைக்கு அவரை எழுப்பி நிறுத்தப் போகிறார்கள். மாத்திரை பிடிக்க அரை மணி நேரமாவது வேண்டும். கிரில்லுக்கு வெளியே தவசிக்கனி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு மூன்று மணி எப்போது என்று தெரியும். உள்ளே விடமாட்டார்கள்.

அருமைநாயகத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கை ரிமோட்டை விடவில்லை. திரையில் நட்டு வைத்த உயிரணுக்கள் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"என் முறைதான் மேடம். இன்னும் ரெண்டே படம்தான் இருக்கு. முடிச்சிட்டு ஓடிடுறேன்."

"அந்த மருந்து வர்ற வரைக்கும் நாங்க இங்க உக்காந்திருக்கோம் சார்," என்றார் மெஹருன்னிசா. "நீங்க போயி இந்த மருந்தைக் குடுத்துட்டு வாங்க."